கினிப்பன்றி சொன்னதும் செங்கல்பட்டு சொன்னதும்

காசநோய்த் தடுப்பூசியைப் பற்றி உலகின் எந்த நாட்டில் எழுதப்பட்ட பாடநூலைப் புரட்டினாலும் ஒரு தமிழ்நாட்டுப் பெயர் தவறாமல் வரும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையோ காஞ்சிப் பட்டையோ கேள்விப்படாத மருத்துவ மாணவர்கூட அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் தேர்வு எழுதப் போவார். அது செங்கல்பட்டு. 1968-ல் அங்கே தொடங்கிய பி.சி.ஜி. சோதனைதான் அந்த நோய்க்கு எதிராக உலகம் நடத்திய தடுப்பூசிச் சோதனைகளிலேயே மிகப் பெரியது. அதன் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. இத்தனை பேர் பங்கெடுத்த சோதனை தங்கள் மண்ணில் நடந்தது என்பது அந்த மாவட்டத்து மக்களில் பலருக்கு இன்றும் தெரியாது.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைக்கு உள்ளதைப் போலச் சிறியதல்ல. வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே பாலாறு கடலில் சேரும் இடத்தையும் தாண்டிச் செய்யூர் உப்பளங்கள், மேற்கே காஞ்சிபுரம், நடுவில் சென்னை நகரத்தைச் சுற்றி வளைத்த ஏரிகளும் வயல்களும் என்று விரிந்து கிடந்தது. 1997-ல்தான் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. செங்கல்பட்டு என்ற பெயரில் மறுபடி ஒரு மாவட்டம் வந்தது 2019-ல். சோதனை நடந்த ஊர்கள் சென்னைக்கு மேற்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பக்கம் இருப்பவை. மருத்துவ ஏடுகளில் மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இந்தக் கதையை மனிதர்களிடமிருந்து தொடங்க முடியாது. கினிப்பன்றியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். எலி, அணில் வகையைச் சேர்ந்த இந்தச் சிறிய கொறிவிலங்கு காசநோய் ஆராய்ச்சியில் நுழைந்தது 1882-ல். ஜெர்மனியில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தபோது அவருக்குச் சாட்சியாக நின்றவை கினிப்பன்றிகள். நோயாளியின் உடலிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியை அவற்றுக்குள் செலுத்தினார். அவற்றுக்கும் அதே நோய் வந்தது. மிகச் சில கிருமிகள் போனாலே இந்தப் பிராணிக்கு நோய் கண்டுவிடும். அதனால் பல பத்தாண்டுகள் வரை, ஒருவருக்குக் காசநோய்தானா என்று சந்தேகம் வந்தால் அவருடைய சளியைக் கினிப்பன்றிக்கு ஊசி போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பிரான்சில் கால்மெட், கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் உருளைக்கிழங்கும் கலந்த ஊடகத்தில் பதின்மூன்று ஆண்டுகள் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கிருமி சாதுவாகிவிட்டது என்று அவர்கள் துணிந்ததும் விலங்குகள் நோயின்றி நின்றதைப் பார்த்துத்தான். 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட பி.சி.ஜி. அப்படிப் பிறந்தது.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே, 1948-ல், சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் அமைந்தது. யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் துணை நிற்க, நாடு முழுவதும் பள்ளி பள்ளியாக ஊசி போடும் இயக்கம் 1951-லிருந்து வேகம் பிடித்தது. அதற்கு மிகப் பலமான எதிர்ப்பு எழுந்ததும் சென்னையிலிருந்துதான். முதலமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்த ராஜாஜி 1955-ல் இந்த ஊசியை ஏன் எதிர்க்கிறேன் என்று தனிச் சிறுநூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் ஏற்றுவதற்கு முன் அதன் பலன் ஐயமற நிலைநாட்டப்பட்டதா என்பது அவர் கேள்வி. விஞ்ஞானம் அறியாதவர் என்று அவரை ஒதுக்கித் தள்ளியவர்கள் உண்டு. ஊசி ஆபத்தானது என்ற அவர் அச்சத்தைப் பின்னால் வந்த எந்த ஆய்வும் உறுதிப்படுத்தவில்லை. ஆனால் பலனுக்குச் சான்று எங்கே என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அன்று யாரிடமும் முழு விடை இல்லை.

கிடைத்த விடைகளோ ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. பிரிட்டனில் 1950-ல் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தொடங்கிய சோதனையில் பி.சி.ஜி. நூற்றுக்கு எண்பது அளவுக்குக் காப்பாற்றியது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களான ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் அது பதினான்கைத் தாண்டவில்லை. ஆந்திரத்து மதனப்பள்ளியில் டென்மார்க் மருத்துவர் ஃப்ரீமோட்-முல்லர் நடத்திய சோதனையில் இரண்டுக்கும் இடைப்பட்ட பலன். ஒரே ஊசி, ஊருக்கு ஊர் வேறு பேச்சு.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு புதிர் முளைத்தது. சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியிருந்தது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், சானடோரியத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம் என்று உலகுக்குக் காட்டிய மையம். அங்கே வந்த நோயாளிகளின் சளியிலிருந்து பிரித்த கிருமிகளை பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் டெனிஸ் மிச்சிசனும் அவருடன் பணியாற்றிய பாட்டியா, செல்கான், சுப்பையா முதலானவர்களும்.

அந்த ஒப்பீடு நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட எடையுள்ள கிருமியைக் கினிப்பன்றியின் தொடைத் தசையில் செலுத்துவார்கள். வாரங்கள் கழித்து விலங்கை அறுத்து, ஊசி போட்ட இடம், நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், கல்லீரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றிலும் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். மொத்த மதிப்பெண்ணை விலங்கு உயிரோடிருந்த நாட்களால் வகுத்து அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் அதுவே அந்தக் கிருமியின் வீரிய எண். பிரிட்டிஷ் கிருமிகளின் எண்கள் ஏறக்குறைய எல்லாமே மேலே ஓரிடத்தில் குவிந்தன. சென்னைக் கிருமிகளின் எண்கள் மேலிருந்து கீழ் வரை சிதறிக் கிடந்தன. பல கிருமிகள் கினிப்பன்றியை லேசாகத் தீண்டியதோடு நின்றுவிட்டன. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் இந்தக் கிருமிகளில் பல எளிதில் மடிவதும் 1963-க்குள் தெரிந்தது.

கினிப்பன்றியைக் கொல்லத் தெரியாத கிருமி மனிதனை விட்டுவைத்ததா என்றால் அதுவும் இல்லை. உலகிலேயே காசநோய் மிகுந்த இடங்களுள் ஒன்றாகத்தான் தமிழ்நாட்டின் இந்தக் கரை இருந்தது. விலங்கின் உடலில் சாதுவாகக் கிடந்த அதே கிருமி சேத்துப்பட்டுக்கு வரிசையில் வந்து நின்றவர்களின் நுரையீரலில் குழி தோண்டியிருந்தது. கினிப்பன்றியின் அளவுகோல் மனிதனுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைத்திருக்க முடியாது. ஆனால் அன்று இதை நோய்க்கிருமியின் விநோதமாகத்தான் பார்த்தார்கள், அளவுகோலின் குறையாக அல்ல.

இந்தப் பின்னணியில்தான் செங்கல்பட்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்தன. இனி யாரும் சந்தேகம் எழுப்ப முடியாத அளவுக்குப் பெரிதாக ஒரு சோதனை வேண்டும் என்பது நோக்கம். ஒன்றையொன்று ஒட்டியிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் முதலில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 3,66,625 பேர் பதிவேட்டில் ஏறினார்கள். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது.

ஒரு கிராமத்துக்கு இது ஒரு நாள் வேலை அல்ல. கைக்குழந்தை முதல் கிழவர் வரை முழங்கைக்குக் கீழே டியூபர்குலின் ஊசி. ஏற்கெனவே கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க அது. அப்போதே பி.சி.ஜி.யோ போலி மருந்தோ இன்னொரு ஊசியாக ஏறும். பிறகு குழு திரும்பி வந்து, தடித்த இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே. படத்தில் நிழல் தெரிந்தால் சளிப் பரிசோதனை. ஊசிக் குப்பிகளில் குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். எதில் என்ன இருக்கிறது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. டென்மார்க் வகை, பிரெஞ்சு வகை என்று இரண்டு பி.சி.ஜி.கள். ஒவ்வொன்றிலும் முழு அளவு, பத்தில் ஒரு பங்கு அளவு. மூன்றாவதாக மருந்தே இல்லாத குப்பி.

இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை ஊர் முழுக்க மறுபடி சோதித்தார்கள். இடையில் இருமலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒவ்வொருவரையும் பதினைந்து ஆண்டு கவனித்தார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போனவர்கள், சென்னைக்கு வேலை தேடிப் போனவர்கள், இறந்தவர்கள் என்று மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தை இத்தனை காலம் விடாமல் பின்தொடர்வது எவ்வளவு பெரிய உழைப்பு! கணினி வசதி அரிதான காலத்தில், சைக்கிளிலும் ஜீப்பிலும் போன களப்பணியாளர்களின் கால்களால் நடந்த விஞ்ஞானம் இது. கட்டுரைகளின் தலைப்பில் இருக்கும் பெயர்களுக்குச் சமமான மதிப்பு அவர்களுக்கு உரியது.

ஏழரை ஆண்டுக் கணக்கைக் குறியீடு உடைத்துப் பார்த்து 1979-ல் முதல் அறிக்கையை வெளியிட்டார்கள். பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வந்ததில் வித்தியாசமே இல்லை.

நம்ப மறுத்தவர்கள் பலர். ஊசி மருந்து கெட்டுப்போயிருக்கும், கணக்கு தவறியிருக்கும் என்றெல்லாம் ஐயங்கள் கிளம்பின. நிபுணர் குழுக்கள் கூடி ஆராய்ந்து சோதனை முறையாக நடந்திருப்பதாகவே சொல்லின. பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதையே உறுதி செய்தது. தொடக்கத்தில் கிருமி தொற்றாமல், எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்த 1,09,873 பேரில் 560 பேருக்குப் புதிதாக நோய் கண்டது. மூன்று பிரிவிலும் ஒரே வீதம். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. குழந்தைகளுக்கு நூற்றுக்கு 27 அளவில் ஏதோ தென்பட்டது, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத 27. இந்த முழு அறிக்கை அச்சில் வந்தது 1999-ல். உடலைக் கொடுத்த மக்களுக்கு இவ்வளவு தாமதமாக முழு விடை கிடைத்தது வருத்தத்துக்குரியது. அந்த ஏட்டைப் படிக்கிற நிலையிலும் அவர்களில் பெரும்பாலோர் இல்லை.

ஊசியைக் கைவிட்டார்களா? இல்லை. அதற்குக் காரணம் உண்டு. செங்கல்பட்டுச் சோதனை அளந்தது சளியில் கிருமி தெரியும் நுரையீரல் நோயை. பச்சிளம் குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் காசநோய், உடல் முழுவதும் தினை தினையாகப் பரவும் காசநோய் இரண்டிலிருந்தும் பி.சி.ஜி. காக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் வலுவான சான்று இருந்தது. அதனால் பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போடுவது தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. பெரியவர்களிடம் பரவும் நோயை இந்த ஒரு ஊசியால் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களோடு முடிந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்விக்கு மறுபடியும் கினிப்பன்றியிடம் போனார்கள். 1966-லேயே அமெரிக்காவில் பாமர், லாங் இருவரும் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான சாதுக் கிருமிகளை முதலில் கினிப்பன்றிக்குக் கொடுத்தால் அவையே ஓரளவு பாதுகாப்பைத் தந்துவிடுகின்றன. அதற்கு மேல் பி.சி.ஜி. போட்டால் கூடுதல் பலன் குறைவாகத்தான் தெரிகிறது. செங்கல்பட்டில் டியூபர்குலின் அளவெடுத்தபோதே அங்குள்ளவர்கள் சிறு வயதிலேயே இத்தகைய கிருமிகளோடு பழகிவிட்டிருந்தது தெரிந்தது. ஏரித் தண்ணீரிலும் நாற்றங்கால் சேற்றிலும் கால் வைக்காமல் அங்கே யார் வளர முடியும்?

சென்னை ஆய்வாளர்கள் இதை ஊரோடு பொருத்திச் சோதித்தார்கள். கமலா, பரமசிவன் முதலானோர் சோதனை நடந்த அதே பகுதியில் மண், தண்ணீர், தூசு, அங்குள்ளவர்களின் சளி ஆகியவற்றிலிருந்து சுற்றுப்புறக் கிருமிகளைப் பிரித்தெடுத்து 1994-ல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கிருமிகளையே கினிப்பன்றிகளுக்குக் கொடுத்து அவற்றின் எதிர்ப்புத் திறன் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். இந்த வேலை அதற்குரிய கவனத்தைப் பெறவே இல்லை. விலங்கை எங்கோ வாங்கி, கிருமியை எங்கோ வாங்கி நடத்தும் சோதனைக்கும், ஒரு வட்டாரத்தின் சேற்றிலிருந்தே கேள்வியை எடுக்கும் சோதனைக்கும் உள்ள தூரம் பெரிது. அறுபதுகளில் தவறவிட்டது இந்தப் படிதான்.

காசநோய்க் கிருமியின் பக்கமும் திரை விலகத் தொடங்கியது. மரபணு ரேகை பார்க்கும் முறை வந்தபின், சென்னை நோயாளிகளின் கிருமிகளில் பத்துக்கு நான்கு, மற்ற நாட்டுக் கிருமிகளில் பல பிரதிகளாக இருக்கும் ஒரு மரபணுத் துணுக்கை ஒரே ஒரு பிரதியாக வைத்திருப்பது 1995-ல் தெரிந்தது. இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் பரவிய பழைய பரம்பரையைச் சேர்ந்தவை இவற்றில் மிகுதி. ஆய்வகங்களில் உலகம் முழுக்கப் பயன்படும் எச்37ஆர்வி என்ற கிருமியோ 1905-ல் ஒரு அமெரிக்க நோயாளியிடமிருந்து எடுத்ததன் வழித்தோன்றல்.

ஒரே மரபணு இருந்தாலும் அது எப்போது விழிக்கிறது, எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதில்தான் உயிர்களின் நடத்தை இருக்கிறது. மரபணு வெளிப்பாடு என்று இதைச் சொல்கிறார்கள். டி.என்.ஏ.விலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது என்று அளந்தால் உயிரணு அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியும். தென்னிந்தியாவில் பரவலாக உள்ள எஸ்7, எஸ்10 என்ற இரண்டு கிருமி வகைகளையும் எச்37ஆர்வியையும் பிராணவாயு குறைந்த சூழலில் வைத்து, எந்தெந்த மரபணுக்கள் எழுகின்றன, எவை அடங்குகின்றன என்று சென்னை ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். நுரையீரலில் உடல் கட்டும் கட்டிக்குள் கிருமி மூச்சுத் திணறிக் கிடக்கும் நிலைக்கு நெருக்கமானது அந்தச் சூழல். மிச்சிசன் காலத்தில் மண்ணீரலைப் பார்த்து மதிப்பெண் போட்ட இடத்தில் இப்போது ஆயிரக்கணக்கான மரபணுக்களின் பட்டியல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேள்வி மாறவில்லை.

செங்கல்பட்டு காசநோயோடு நிற்கவில்லை. நகரத்தை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு ஆய்வு நிறுவனமாக்கியது. தொழுநோய்க் கிருமி காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு, பி.சி.ஜி. அதற்கும் ஓரளவு தடை போடும். 1990-களில் அதே மாவட்டத்தில் சுமார் 1,71,000 பேரிடம் நான்கு தொழுநோய்த் தடுப்பு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1998-ல் வந்த முடிவில், பி.சி.ஜி. மட்டும் போட்டவர்களுக்கு நூற்றுக்கு 34 பாதுகாப்பு. இந்தியாவிலேயே உருவான ஐ.சி.ஆர்.சி. என்ற மருந்துக்கு 65. நுரையீரல் நோயில் கையை விரித்த ஊசி, ஏறக்குறைய அதே வட்டாரத்தில், அதன் உறவுக் கிருமியிடம் வேலை செய்தது.

பிறகு 2020 வந்தது. கொரோனாவுக்கு மருந்தும் தடுப்பூசியும் இல்லாத அந்த மாதங்களில் பழைய பி.சி.ஜி.யின் மேல் உலகத்தின் பார்வை விழுந்தது. பி.சி.ஜி. போட்டவர்களின் இரத்த வெள்ளணுக்களில் சில மரபணுக்களின் பூட்டு தளர்ந்து, வேறு கிருமிகள் வந்தாலும் அவை விரைவாக எழுகின்றன என்று 2012-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டியிருந்தது இதற்குக் காரணம். ஆய்வகங்களில் இம்முறை முன்னுக்கு வந்த கொறிவிலங்கு கினிப்பன்றி அல்ல, சிரியா நாட்டு ஹாம்ஸ்டர். சாதாரண சுண்டெலியை முதல் கொரோனா வைரஸ் எளிதில் பற்றவில்லை. ஹாம்ஸ்டரின் நுரையீரலில் நிமோனியாவே வந்தது. கோவாக்சினையும் புணேயில் ஹாம்ஸ்டர்களிடம் சோதித்தார்கள்.

சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமோ நேரே மனிதர்களிடம் போனது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு பி.சி.ஜி. போட்டு, ஒரு மாதம் கழித்து இரத்தத்தை ஆராய்ந்தது. உடலில் சதா கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைத் தூண்டும் பொருட்கள் குறைந்திருந்ததாக 2021-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 2020-ல் அறுபது முதல் எண்பது வயதுக்குள் இருந்தவர்கள் 1968-ல் எட்டு முதல் இருபத்தெட்டு வயதுக்காரர்கள். ஏரிக்கரைக் கிராமங்களில் சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டிய தலைமுறை அது.

அந்தத் தலைமுறைக்கு இந்த மாவட்டத்தில் ஒரு நினைவுக்கல்கூட நடப்படவில்லை. கிண்டி ஆய்வகம் இன்னும் டென்மார்க் வகைக் கிருமியிலிருந்துதான் நாட்டின் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தயாரிக்கிறது. 2008-ல் உரிமம் நிறுத்தப்பட்டு, பிறகு மீண்டது அது. திருமணியில் நூறு ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்று 2012-ல் அனுமதி பெற்று, பல நூறு கோடி செலவில் கட்டி எழுப்பப்பட்டது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது முதலமைச்சர் அதைப் பார்வையிட்டு, மாநில அரசிடம் குத்தகைக்குத் தரும்படி மத்திய அரசைக் கேட்டார். அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு குப்பி தடுப்பூசிகூட மக்களுக்குப் போகவில்லை. உலகத்துக்கு இரண்டேமுக்கால் லட்சம் கைகளைக் கொடுத்த மாவட்டம் அது. அங்கே அந்த வளாகத்தை இயங்க வைப்பது சலுகை அல்ல, பட்ட கடனைத் திருப்புவது.